மணி கிடந்த இடம்

தொண்ணூற்றெட்டு மார்கழியில் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஒரு பஸ், ஒரு சப்வே. கலைந்து கிடக்கும் எதைக் கண்டாலும் என் கை சும்மா இராது. அந்தக் கைதான் ஒரு நாள் என்னை மாட்டிவிட்டது.

ஒரு மேசையில் தட்டு நிறைய மண். மண்ணுக்குள் கடுகளவு நீல மணிகள், ஒரு சின்ன வளையமாக. ஒரு மணி மட்டும் சற்றுத் தள்ளிக் கிடந்தது. உருண்டு போய்விட்டதாக்கும் என்று அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். பிள்ளைக்குக் கருமணி கட்டிவிட்ட எனக்கு அது எங்கே இருக்கவேண்டும் என்று தெரியாதா?

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மா பின்னாலிருந்து கத்தினார். என் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு வரைபடத்தை எடுத்து, அளந்து பார்த்து, மணியைப் பழைய இடத்திலேயே வைத்த பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு என் அரைகுறை ஆங்கிலத்துக்கு ஏற்றபடி மெதுவாகச் சொன்னார். நூபியாவில், நைல் ஆற்றங்கரையில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைத்த குழந்தையொன்றின் கைமணிகள் அவை; கிடந்தபடியே மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தவை. நூல் உக்கிப்போயும் மணிகள் கிடந்த இடம் மாறாததால்தான் கையில் கட்டியவை என்று தெரிகிறதாம். அந்த இடுகாடு இன்று அணைக்கட்டின் தண்ணீருக்குள். இனி அந்த இடம் இருப்பது இந்த வரைபடத்தில் மட்டும்தான் என்றார்.

நான் அழுதுவிட்டேன். தான் ஏசியதால்தான் அழுகிறேன் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் மகள் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனவள். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து போன வழியில், யாரோ ஒருவருடைய தென்னங்காணியில் அவளைப் புதைத்தார்கள். கையில் கருமணியோடு; கழற்ற எனக்கு மனம் வரவில்லை. எங்களில் பிள்ளையைப் புதைக்கவும் ஆண்கள்தான் போவார்கள். என் கணவர் தூக்கிக்கொண்டு போனார், வெறுங்கையோடு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அன்று பின்னேரம் அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டேன். "பிள்ளையை எவடத்தில வைச்சனீங்கள்?"

அவர் ஒரு கடித உறையை எடுத்து அதன் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினார்.

"இது கிணறு. கிணத்துக்கட்டில இருந்து கிழக்கால பதினேழு காலடி. ரெண்டு தென்னைக்கு நடுவில. தலைமாட்டில ஒரு கல்லு வைச்சனான். மூண்டுதரம் நடந்து எண்ணிப்போட்டுத்தான் வந்தனான்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் கேட்டால் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அந்தக் காணியைப் போய்ப் பார்க்க எனக்கு இன்னும் கொடுத்துவைக்கவில்லை. ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால், பிள்ளையை நினைத்துத் தவிப்பது நான் ஒருத்திதான் என்று இருந்துவிட்டேன்; பக்கத்தில் படுத்திருந்த மனிதர் அவ்வளவு நாளும் அந்தப் பதினேழு காலடியைத் தனியே நடந்துகொண்டிருந்திருக்கிறார்.