பிள்ளைக்குத் தனிப் பெட்டி

என் மூத்த மருமகளை ஆஸ்பத்திரியில் டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷமாக அங்கே நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவள். அதை விட்டு, மாடியில் புது மென்பொருளுக்குப் படம் வரைந்து கொடுக்கிற பிரிவில் ஒரு நாற்காலி பிடிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. இரண்டு வருஷம் சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள். நாற்பத்தொரு வயதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவளைப் பார்த்து, பால் பாட்டில் எடுத்துக்கிட்டியா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒருவழியாக அந்தப் பிரிவின் தலைவர் வாய்ப்புக் கொடுத்தார். பிரசவ வார்டுக்குப் படம் போட்டு, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விளக்கவேண்டும். சரியாக வந்தால் நாற்காலி. சொதப்பினால் பழைய இடமே கதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் பெட்டி பெட்டியாகப் போட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுக்குப் பிளான் போடுகிறாள் என்று நினைத்து, அடுப்படி எங்கே என்று கேட்டேன். இது கிளாஸ் டயகிராமாம், மென்பொருளுக்குப் போடுகிற பிளான். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வகை. மேல்தட்டில் அதன் பெயர், நடுத்தட்டில் அதனிடம் இருப்பது, கீழ்த்தட்டில் அது செய்கிற வேலை. நர்ஸ் பெட்டியிலிருந்தும் டாக்டர் பெட்டியிலிருந்தும் ஊழியர் பெட்டிக்கு அம்பு போகும். ஊழியருக்கு உண்டானதெல்லாம் இவர்களுக்கும் தானாக வந்துவிடும், திரும்ப எழுதவேண்டாம். அம்பில்லாத வெறும் கோடு என்றால் இரண்டும் தனித்தனி, நடுவில் தொடர்பு மட்டும் உண்டு.

"மருமகளும் மகள்தானே? அப்ப உன்கிட்டேருந்தும் மகள் பெட்டிக்கு ஒரு அம்பு போடு."

"வேணாம் அத்தை. நமக்கு வெறும் கோடு போதும். கூப்பிட்டா வருவேன்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

தாயின் அட்மிஷன் என்று ஒரு பெட்டி. அதையும் பிள்ளைப் பெட்டியையும் இணைக்கிற கோட்டில், தாய்ப் பக்கமாகச் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி ஒன்று வரைந்து கறுப்பாக நிரப்பினாள். கறுப்பு டைமன் போட்டால், இது அதன் உறுப்பு, அது போனால் இதுவும் போய்விடும் என்று அர்த்தமாம். மருந்துச் சீட்டைக் கிழித்தால் அதில் எழுதின வரியும் போகிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். பிள்ளை பின்னே யாரோடது? இன்னும் நன்றாகக் கறுப்பாக அடி என்று பென்சிலைச் சீவிக் கொடுத்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். கூட்டத்தில் ஏழு பேர். அதே படத்தை வெள்ளைப் பலகையில் மார்க்கரால் போட்டு விளக்கியிருக்கிறாள். பாதிவரை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அப்போது பிரசவ வார்டு சிஸ்டர் கை தூக்கினாராம்.

"அம்மா மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடறாங்க, அவங்க அட்மிஷனை மூடிடறோம். குறைமாசப் பிள்ளை இன்குபேட்டர்லயே கிடக்கு. அதுக்கு மருந்து யார் பேர்ல வாங்கறது?"

தாயின் பெட்டி மூடினால் பிள்ளையும் கூடவே மூடிவிடும். படம் அப்படித்தான் சொல்கிறது. பதினான்கு வருஷமாகத் தாயின் நம்பருக்குக் கீழேயே 'இன்னாரின் குழந்தை' என்று தட்டிப் பழகின கை, யோசிக்காமல் டைமனைக் கறுப்பாக்கிவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று நழுவியிருக்கலாம். தலைவர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்டது தப்பு சிஸ்டர். பிள்ளையும் ஒரு நோயாளிதான்" என்றாளாம்.

உள்ளங்கையாலேயே டைமனை அழித்தாள். பிள்ளையிலிருந்து நோயாளிப் பெட்டிக்கு அம்பு போட்டாள். அதற்கென்று தனி நம்பர், தனிப் படுக்கை. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சாதாரணக் கோடு. ஒன்றை மாற்றப்போய்க் கீழே நாலு மாறியது. அரை மணி நேரம் எல்லாரையும் காக்க வைத்துவிட்டாள். தலைவர் பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"போச்சு அத்தை" என்றாள். கையெல்லாம் மார்க்கர் மை. எனக்கு அந்த சிஸ்டர் மேல்தான் ஆத்திரம். பிள்ளை தாயோடதுதான் என்று நான் மறுபடியும் பிடித்த பிடியில் நின்றேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் முகம் தொங்கிக் கிடந்தது.

திங்கட்கிழமை போனால் இவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். இவள் பையைக்கூட இறக்காமல், நீ யாரும்மா என்று கேட்டாளாம்.

"இன்னிக்குத்தான் சேர்ந்தேன்க்கா. உங்க இடம் இனிமே மாடியிலன்னு சொன்னாங்க."

மாடியில் தலைவர் சொன்னது இவ்வளவுதான்: இந்தத் தப்பு மென்பொருளுக்குள் போயிருந்தால் அவிழ்க்க ஆறு மாசம் ஆகியிருக்கும், பலகையிலேயே அழித்தது நல்லதாகப் போயிற்று. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். பார்க்கட்டுமே. இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் படம் போடுகிறாள். மார்க்கரை எடுப்பதற்கு முன்னால், அங்கே ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாளாம்.