பாவு அறுத்த சிப்பாய்

அந்தத் தெருவே கூடி என்னைக் கொல்லத் திட்டம் போடுகிறது என்று மூன்று வாரம் மனப்பூர்வமாக நம்பினேன். ஆதாரம் இதுதான்: மூலை வீட்டுத் தறிக்காரர் தினமும் காலையில் என்னைப் பார்த்து, “எங்கீங்க சாமி பொறப்பட்டீங்க?” என்று கேட்டார்.

இரண்டாம் உலக யுத்தகாலம். குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்துக்குக் காவல் என்று எங்களை இறக்கியிருந்தார்கள். நான் உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவன். இந்தச் சீமையில் எதிர்ப்படுகிறவரை இப்படிக் கேட்பது வெறும் மரியாதை என்று எனக்கு யார் சொன்னார்கள்? காவல் மாறும் நேரத்தை உளவு பார்க்கிறார் என்று முடிவு கட்டிப் பொய் சொன்னேன்.

“கோயிலுக்கு.”

“துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுங்களா?”

“வேண்டுதல்.”

“நல்ல வேண்டுதலுங்க. மோரு குடிச்சுப்போட்டுப் போங்க சாமி.”

விஷமிருக்கும் என்று முதலில் அவரைக் குடிக்கச் சொன்னேன். அவர் குடித்துவிட்டு நீட்டினார்; மிச்சத்தை நான் குடித்தேன். “எச்சிகூடப் பாக்காத சிப்பாயி!” என்று அவர் மனைவி உருகிப்போனார். எனக்குக் கிடைத்த சாமிப் பட்டம் அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் உண்டு என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு கன்றுக்குட்டியையும் சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் ஹவில்தார் எங்களை நிற்க வைத்து எச்சரித்தார். “கலகக்காரர்கள் ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி லாரியைக் கவிழ்க்கிறார்களாம். கண்டால் அறுத்துப் போடு.”

மறுநாள் காலை ஆற்றுப் பனி தெருவை மூடியிருந்தது. எங்களுக்கு அரிசி கொண்டுவரும் லாரி அந்த வழியாகத்தான் வர வேண்டும். மூலை திரும்பினேன். பெருக்கல் குறிபோல் நட்ட கம்புகள். அவற்றுக்கிடையே இடுப்பு உயரத்தில் தெரு நீளத்துக்கு வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. இருபுறமும் குனிந்த உருவங்கள். எனக்குப் பயம் வந்தால் கூடவே வீரமும் வந்துவிடும். அதுதான் என் கோளாறு. துப்பாக்கி முனைக் கத்தியால் ஓங்கி வெட்டினேன்.

“பாவு! பாவு!” என்று அலறினார் தறிக்காரர்.

என் காதில் “பாவி! பாவி!” என்று விழுந்தது. ராணுவத்தானைப் பாவி என்பதா? ரோஷத்தில் இன்னும் மூன்று இடத்தில் வெட்டினேன். பிறகு, “கையைத் தூக்கு!” என்றேன். தூக்கினார். கையில் இருந்தது தூரிகை. அதிலிருந்து கஞ்சி முழங்கை வழியாக வழிந்தது.

தறியில் ஏற்றுவதற்கு முன் நெசவுநூலைத் தெருவில் நீள இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். அதற்குப் பெயர் பாவு. நான் வந்ததிலிருந்து ஊரில் நூலே கிடைக்காமல் தறிகள் சும்மா கிடந்ததால் அதை நான் பார்த்ததேயில்லை. முதன்முதலில் பார்த்தேன், அறுத்தேன்.

“முடிச்சுப் போட்டுக்கலாமில்லையா?” என்று கேட்டேன், சட்டைப் பொத்தான் அறுந்ததைப் போல.

“அத்தன எழைக்குமுங்களா?” என்றார் அவர். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் தேவலை. “ரெண்டு மாசங் காத்திருந்து வாங்குன நூலுங்க. இதத் தறியில நெய்ஞ்சு குடுத்தாத்தான் ஊட்டுல ஒல கொதிக்கும்.”

அவர் மனைவி மண்ணில் உட்கார்ந்து, துண்டு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் உதவாது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஹவில்தாரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நடந்தேன். அதற்குள் அவர், கேள்விப்பட்டதை வைத்து, நான் சாலைத் தடையை அகற்றியதாக எழுதி முடித்துத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அவர்களுக்கு வேறு நூல் கிடைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் கன்றை விற்றுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் மேட்டூருக்கு ரோட்டு வேலையில் மண் சுமக்கப் போனார்கள்.