பெலிக்ஸின் நெஞ்சைப் பார்த்த கேமரா

என் தம்பி பெலிக்ஸ் கட்டுமாவடியிலிருந்து திருச்சிக்கு மீன் வண்டி ஓட்டுகிறவன். வயசுப் பையனாக ஸ்டீயரிங்கைப் பிடித்தவன், இன்றுவரை ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. வாயில்லாப் பூச்சி. யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பான். அந்தச் "சரிங்க"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் கேபினில் சீட்டுக்குப் பின்னால், தலைக்கு மேலே, ஆவூர்த் திருவிழாவில் வாங்கிய மாதா படம் இருக்கிறது. சுற்றிலும் சீரியல் செட். சாவியைத் திருகினால் விளக்குகள் நின்று நின்றும் ஓடி ஓடியும் மினுக்கும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேர் வண்டியில் இப்படித்தான்.

இந்த வருடம் கம்பெனிக்காரர்கள் ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டினார்கள். உடம்பைத் தொடவே தொடாதாம். முகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தே நாடித்துடிப்பைச் சொல்லிவிடுமாம். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைந்து இருந்தால் ஆள் தெம்பாக இருக்கிறானாம், ஒரே அளவாக இருந்தால் களைத்துப்போனானாம். சூப்பர்வைசர் குணசேகரனின் போனில் பெலிக்ஸுக்குத் தினமும் பச்சைதான்.

சித்திரை வெயிலில் அவனுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. லீவு கேட்டான். குணசேகரன் போனை நீட்டி, கம்பெனியிலேயே உன் நெஞ்சுதான் முதல் என்று சிரித்தாராம். இந்தக் கூறுகெட்டவனும் அதை நம்பி என்னிடம் வந்து பெருமை பேசினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தேன்.

மறுவாரம் அறந்தாங்கி தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினான். நல்ல வேளை, உயிர் தங்கியது. ஆஸ்பத்திரியில் மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்த டாக்டரம்மா, இருதயம் ரொம்பச் சோர்ந்திருக்கிறது, நான் சொல்லும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்றார். குணசேகரனோ போனில், அன்றைக்கும் மெஷின் பச்சைதான் காட்டியது, ஆள் நடிக்கிறான், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவேன் என்றார்.

நடிக்கிறானாம்! பஸ் ஏறி நேரே கம்பெனி ஷெட்டுக்குப் போனேன்.

அவர் கோபப்படவில்லை. ஒன்றும் தெரியாதவளுக்குப் புரியவைக்கிற பொறுமையோடு பெலிக்ஸின் வண்டிக் கதவைத் திறந்து, கீழே நின்றபடியே கையை விட்டுச் சாவியைத் திருகினார். மெஷின் வேலை செய்வதைக் காட்டுகிறாராம். சீரியல் செட் மினுக்கத் தொடங்கியது. அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த போன் டிங் என்றது.

திரையில் மாதாவின் முகம். முகத்தைச் சுற்றி ஒரு சதுரம். கீழே பெலிக்ஸின் பெயர், பச்சை எழுத்தில்: இதயம் நன்று, ஓட்டலாம்.

சீட்டில் ஒருத்தரும் இல்லை. ஆடாமல் அசையாமல் இருந்த படத்து முகத்தைப் பிடித்துக்கொண்டு, விளக்கு மினுக்குவதைத் துடிப்பென்று எண்ணியிருக்கிறது அந்தச் சனியன். குணசேகரன் சாவியை நிறுத்தித் திரும்பவும் போட்டார். திரும்பவும் பச்சை.

"மாதாவுக்கு நெஞ்சு நல்லாத்தாங்க இருக்கு," என்றேன். "இத்தன நாளா யாரு நெஞ்சப் பாத்து எந்தம்பிய வண்டி ஓட்டச் சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெலிக்ஸ் லீவு எடுத்துக்கொள்ளட்டும், வேலை அவனுக்கு இருக்கும் என்று முனகினார்.

மறுநாளே எல்லா வண்டிகளுக்கும் உத்தரவு போயிற்று. சீரியல் செட்டுகளைக் கழற்ற வேண்டுமாம். கேமராக்கள் அப்படியேதான் இருக்கின்றன.