சனிக்கிழமை வகுப்பும் சொல்லாமல் விட்ட பெயரும்

செய்தி வந்தபோது லிங்கராஜபுரத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் தனபால் சாரின் படம்தான் வந்தது. ஓய்வுபெற்ற அன்று மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையும் சால்வையுமாக எடுத்த படம். பார்த்ததுமே புரிந்துவிட்டது. காலையில் மாரடைப்பு, அடுகோடி வீட்டிலிருந்து மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. நான் எதையும் அனுப்பவில்லை. பேருந்து வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். அவரோடு நான் பேசி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனி இந்த மனிதரோடு சண்டை போடக்கூட வழியில்லையே என்ற கோபம்.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். நினைவு மலர் போடப் போகிறார்களாம். அவரோடு அதிகம் பழகியவர் நீங்கள்தான், நான்கு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டு, எழுதுகிறேன் என்றேன். மனம் ஏன் மாறியது என்று பின்னால் சொல்கிறேன். அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்லதை மட்டும் படிக்க விரும்புகிறவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். நல்லதெல்லாம் முதல் பாதியில் இருக்கிறது.

தனபால் சார் எங்கள் கல்லூரியின் நூலகர். நான் சமூகவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். நூலகருக்குப் பாடம் நடத்தும் வேலை கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலாண்டு மாணவர்களை வாசிப்பறையில் உட்காரவைத்து, அடுத்தவர் எழுத்தைத் திருடாமல் கட்டுரை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. வருகைப் பதிவும் இல்லை. இருந்தும் நாற்காலி போதாமல் பையன்கள் ஜன்னல் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒழிந்த நேரத்தில் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன்.

முதல் வகுப்பில் மேற்கோள், அடிக்குறிப்பு என்ற பேச்சையே எடுக்க மாட்டார். உங்கள் தெருவில் நேற்று என்ன விசேஷம் என்று கேட்பார். நான் பார்த்த ஒரு வகுப்பில், மாடி வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டார் என்றாள் ஒரு பெண். யார் சொன்னது என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்றாள். ஆன்ட்டிக்கு யார் சொன்னது? ஓனரம்மா. உடனே கரும்பலகையில் ஓனரம்மாவின் பெயர், அதைச் சொன்ன ஆன்ட்டியின் பெயர், தெரு, தேதி என்று வரிசையாக ஒரு அடிக்குறிப்பு எழுதினார். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "வம்பு பேசும்போது மட்டும் ஆள் பேரு கரெக்டா சொல்றீங்க. நாளைக்குப் பிரச்சனைன்னா நாம மாட்டக்கூடாதுல்ல? பேப்பர்லயும் அதையே செய்ங்க. அஷ்டே" என்றார். அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்தவர். எந்தப் பேச்சையும், அவ்வளவுதான் என்று பொருள்படும் அந்தக் கன்னடச் சொல்லில்தான் முடிப்பார்.

ஷாலினியை நான் முதலில் கவனித்தது அங்கேதான். அல்சூர்ப் பெண். அம்மா ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்தார். ஷாலினி தன் முதல் கட்டுரையை ஒரு புத்தகத்திலிருந்து வரிக்கு வரி அப்படியே எழுதிக் கொண்டுவந்திருந்தாள், புத்தகத்தின் பெயர் எங்கும் இல்லை. வகுப்பு முடியும்வரை இருக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகுதான் சார் அதை எடுத்தார். ஏன்மா இப்படி என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. "அவ்ளோ பெரியவங்க எழுதினத நான் மாத்தி எழுதினா அவங்கள அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா சார்?" என்றாள். அவள் திருடியதாகவே நினைக்கவில்லை, மரியாதை செய்ததாக நினைத்திருந்தாள். சார் அந்தத் தாளை அவள் பக்கமே திருப்பி வைத்தார். மாற்ற வேண்டாம், அப்படியே எழுது, மேற்கோள் குறிக்குள் வைத்து அவர் பெயரையும் பக்கத்தையும் போடு, பெயரைச் சொன்னால்தான் மரியாதை முழுசாகும் என்றார். மூன்றாம் ஆண்டில் துணைநூற்பட்டியல் ஒழுங்குசெய்வதில் அந்தக் கல்லூரியிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. சனிக்கிழமை வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளே திருத்திக் கொடுப்பாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுக் கட்டுரை எழுதும் பழக்கம் வந்த புதிதில் ஒரு மாணவன் ஏழு புத்தகங்களின் பட்டியலோடு வந்து, ஐந்தாவது புத்தகம் வேண்டும் என்றான். சார் அலமாரி அலமாரியாகத் தேடினார். வேறு இரண்டு நூலகங்களுக்குப் போன் போட்டார். சாயங்காலம்தான் தெரிந்தது, அப்படி ஒரு புத்தகத்தை யாரும் எழுதவே இல்லை, இயந்திரம் இட்டுக்கட்டிய பெயர் என்று. பையன் பயந்துபோய் நின்றான். சார் திட்டவில்லை. "நல்ல தலைப்பு மேடம். யாராச்சும் எழுதியிருக்கலாம்" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அந்த மாதிரி மனிதர் அவர். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வருடம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்திருந்தேன். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிய ஆய்வு. ஒன்பது வருட உழைப்பு. பல்கலைக்கழகத்துக்கு அனுப்புமுன் நம் நூலக மென்பொருளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம், எங்காவது மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தால் தெரிந்துவிடும் என்றார் சார். மாணவர் கட்டுரைகளில் எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்க மட்டும் வாங்கிய மென்பொருள் அது. ஆசிரியர்களின் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. ஆனாலும் பலருக்கு அவர் ரகசியமாகப் பார்த்துக் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். என் பென் டிரைவை வாங்கிக்கொண்டார். மறுநாள், சுத்தமா இருக்கு மேடம், தைரியமா அனுப்புங்க என்றார். துணைநூற்பட்டியலை மட்டும் ஷாலினியிடம் கொடுத்து ஒழுங்கு செய்துகொண்டேன். அதற்காக அவளிடமும் முழுக் கோப்பு இருந்தது.

பல்கலைக்கழகம் அதே மென்பொருளில் போட்டுப் பார்த்து ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியது. ஏறக்குறைய முழு ஆய்வேடும், ஏற்கெனவே எங்கள் கல்லூரியிலிருந்து பதிவான ஒரு மாணவர் கட்டுரையோடு ஒத்துப்போகிறதாம். திருடி எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம். துறையில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். கல்லூரி மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. மென்பொருளுக்குப் பொறுப்பானவர் என்பதால் தனபால் சாரும் அதில் ஒருவர்.

அந்தக் கூட்டம் அரை மணி நேரம் நடந்தது. உங்கள் கோப்பு வேறு யாரிடமெல்லாம் இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு எதிரில்தான் சார் உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்வார், நான்தான் முன்பே பரிசோதித்தேன், அன்று சுத்தமாக இருந்தது என்று அவராகவே சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார். விதியை மீறி எனக்கு உதவியவர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது, பாவம் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்றுவதாக எண்ணி அவர் பெயரை விட்டுவிட்டேன். ஷாலினியின் பெயரை மட்டும் சொன்னேன்.

அவளை அம்மாவோடு வரச்சொன்னார்கள். அந்த அம்மா வேலைச் சீருடையிலேயே வந்து முதல்வர் அறைக்கு வெளியே நின்றார். குற்றம் எதையும் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் விசாரணை முடியவில்லை என்று அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். அது இல்லாமல் மேற்படிப்புக்குக் கிடைத்திருந்த இடம் போயிற்று. என் ஆய்வேட்டை யாருக்கோ கொடுத்த பெண் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு கல்லூரியில் நிலைத்துவிட்டது.

எட்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகம் மென்பொருள் நிறுவனத்திடமே கேட்டு எழுதியது. பதில் வந்தது. அந்த மாணவர் கட்டுரை எங்கள் நூலகத்தின் கணக்கிலிருந்து, நான் பென் டிரைவைக் கொடுத்த அதே நாளில் ஏற்றப்பட்டது. அந்த மென்பொருளில் கோப்பை ஏற்றும்போது ஒரு கேள்வி வரும், இதைச் சேமித்து வைக்கவா வேண்டாமா என்று. வெறுமனே பார்ப்பதென்றால் வேண்டாம் என்று கொடுக்கவேண்டும். சார் அதை மறந்துவிட்டார். என் ஆய்வேடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு நான் அனுப்பியதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து என்னையே திருடி என்று சொல்லியிருக்கிறது. பத்து வினாடியில் நடந்த தவறு. அன்றே சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்போம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். இதைப் பார்த்தால் அதிர்ச்சியடைவார், தனக்கே தெரியாது என்பார் என்று ஒரு நப்பாசை இருந்தது. கடிதத்தை அவர் தொடக்கூட இல்லை.

"தெரியும் மேடம். மீட்டிங்குக்கு மொத நாளே பாத்துட்டேன்" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்ததெல்லாம் வெளியே வரும், சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிடுவார்கள் என்றார். "ஒரு பொண்ணு போனாலும் மத்த பிள்ளைங்களுக்குக் கிளாஸ் இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். எந்த வகுப்பு? எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்கும் அந்த வகுப்பா? அதைக் காப்பாற்றத்தான், எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? இதையெல்லாம் அவரிடம் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அதன்பின் நூலகத்துக்கே நான் போகவில்லை, அவருடைய பிரிவு விழாவுக்கும் போகவில்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது. கல்லூரி கோப்பை மூடியது. சேர்க்கையெல்லாம் முடிந்தபின் ஷாலினிக்குச் சான்றிதழ் தபாலில் போனது, ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல்.

எழுத முடியாது என்றவள் ஏன் எழுதுகிறேன் என்று இப்போது சொல்கிறேன். மறுத்த மறுநாள் கல்லூரியில் இரங்கல் கூட்டம். கடைசியில் போய் நின்றேன். பேசிய ஒருவர், மாணவி ஒருத்தி ஆசிரியையின் ஆய்வேட்டைத் திருடி யாருக்கோ கொடுத்த சமயத்திலும் தனபால் சார் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, அவ்வளவு பெரிய மனசு என்றார். நிறைய பேர் தலையாட்டினார்கள். இந்த மலர் அச்சானால் அந்தப் பொய்யும் அச்சாகும்.

அன்று மாலையே ஷாலினியைத் தேடிப்பிடித்துப் பேசினேன். இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். அல்சூர் மெட்ரோ நிலையத்துக்கு வெளியே நின்று பேசினோம். சார் செய்ததை மலரில் எழுதப்போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அவள் போனை எடுத்து ஒரு கடிதத்தின் படத்தைக் காட்டினாள். அவருடைய கையெழுத்து. ஆய்வேட்டை ஏற்றியது நான்தான், இந்தப் பெண்ணுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார். ஓய்வுபெற்ற பிறகு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டாராம். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளம்மா என்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

"யார்கிட்ட மேடம் காட்டுறது? யாரு கேட்டாங்க?" என்றாள்.

எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது. அதை முதல்வருக்கு அனுப்ப அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவேண்டிய வேலையையும் அந்தப் பெண்ணின் தலையிலேயே கட்டிவிட்டார். அதை நான் வாய்விட்டே சொன்னேன். ஷாலினி போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சாராவது வீட்டுக்கு வந்தாரு மேடம்."

நான் அவளுடைய வீட்டுக்குப் போகவில்லை. உண்மை தெரிந்த நாளிலிருந்து, ஏமாற்றப்பட்டவள் நான் என்ற நினைப்பிலேயே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன். அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. மன்னித்துக்கொள் என்றேன். "எழுதுங்க. ஆனா குழுவுல என் பேரச் சொன்னது யாருன்னும் எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

ஆகவே எழுதுகிறேன். ஷாலினி என் ஆய்வேட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. அதை மென்பொருளில் ஏற்றியவர் தனபால் சார். தெரிந்தும் அவர் சொல்லவில்லை. குழுவில் அவருடைய பெயரை மறைத்து ஷாலினியின் பெயரைச் சொன்னது நான்.

தனபால் சாரின் மேசை, அவருடைய வகுப்பு, அவர் சேர்த்த புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவரை மன்னித்துவிட்டதாக எழுதினால் அது பொய். மறக்கவும் என்னால் முடியாது, அவரைப் போல ஒரு சிநேகிதர் எனக்கு வாய்த்ததில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொள்வது அந்த அரை மணி நேரத்தை. அவர் லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு மேசைதான். அதைத் தாண்டிப் பேச எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.