தொட்டி வேர்க்குது

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை மாற்றியது. பழையதை நான் உரித்தேன். புதியதை அம்மா வெந்நீரில் போட்டு இளக்கிக் கொடுத்தாள். மாட்டி முடித்ததும் நான் தெர்மாமீட்டரைத் தேடினேன். அதற்குள் அம்மா பர்ஸிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"பிடிச்சிருச்சு. உன் மீட்டரை உள்ள வை."

சீட்டை எடுத்து, ஃப்ரிட்ஜ் மேலேயே காந்தத்துக்கு அடியில் செருகினாள். அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. வயது அறுபத்தொன்று.

அம்மா வேலை பார்த்தது ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், கருக்களை உறையவைத்திருக்கும் அறையில். தரை துடைக்கச் சேர்ந்தவள், பத்தொன்பது வருடம் அந்த அறையைப் பார்த்துக்கொண்டாள். இடுப்புயரத்தில் ஆறு அலுமினியத் தொட்டிகள். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. அதில் மூழ்கிய மெல்லிய குழாய்களில் கருக்கள். நைட்ரஜன் தினமும் கொஞ்சம் ஆவியாகும், அளந்து ஊற்ற வேண்டும். அளக்க ஒரு மர ஸ்கேல். உள்ளே விட்டு, பத்து எண்ணி, எடுத்துக் காற்றில் இரண்டு வீசு வீசினால், திரவம் தொட்ட இடம்வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அதுதான் மட்டம்.

"பசங்களுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிப் போவாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை வேண்டாம் என்று நானும் என் கணவரும் முடிவெடுத்திருந்தோம். பெரியம்மாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். ஊருக்கெல்லாம் பிள்ளை கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு உன் பெண்ணுக்கு ஒன்று வாங்கித்தரத் துப்பில்லையா என்று அம்மாவை நாலு பேர் முன்னால் கேட்டார்.

"எனக்கு அங்க நானூறு பேர் இருக்காங்கக்கா. ஒண்ணுகூட எதிர்த்துப் பேசாது. வீட்ல இவ ஒருத்தி பேசறதே போதும்."

என்னிடம் அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. குழாயில் இருப்பது குழந்தையா இல்லையா என்று நான் ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். அதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும், தண்ணீர் குறையாமல் பார்ப்பது தன் வேலை என்றாள்.

அந்த நானூற்றில் இரண்டு ஒரு டிராயிங் டீச்சருடையவை. கருவை உறையவைத்த மறு வருடம் அவர் கணவர் இறந்துவிட்டார். இனி புதிதாக உண்டாக்க வழியில்லை, அந்த இரண்டுதான். ஒவ்வொரு வருடமும் தொடர்ந்து வைத்திருக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட வருவார். அம்மாவைத் தேடிப்பிடித்து, "எப்படி இருக்காங்கக்கா?" என்பார். "குளுகுளுன்னு இருக்காங்க டீச்சர்" என்பாள் அம்மா. இருவரும் சிரிப்பார்கள். தைரியம் வரும்போது ஒன்றை வாங்கிக்கொள்கிறேன் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வருடம் தொட்டிகளுக்கு டிஜிட்டல் அளவி வந்தது. ஸ்கேல் ஸ்டோர் ரூமுக்குப் போனது. அம்மாவுக்குத் திரையில் நம்பிக்கை இல்லை. நான் குளிர்பதனக் கிடங்குகளுக்கு அளவுக்கருவி பொருத்தும் இன்ஜினியர். ஸ்கேல் விட மூடியைத் திறக்கும்போதெல்லாம் நைட்ரஜன் வீணாகிறது, பேசாமல் திரையைப் பார்த்து எழுது என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம் போன் செய்தாள்.

"மூணாவது தொட்டி வேர்க்குதுடி. மேனேஜர்கிட்ட சொன்னேன், ஏசியைக் கூட்டி வைன்னு சிரிக்கறார்."

"திரைல என்ன காட்டுது?"

"தொண்ணூறு சதவீதம்."

"அப்போ தொண்ணூறுதான்."

"ஸ்கேலை எடுத்துட்டு வந்து ஒருவாட்டி விட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்மா. மீட்டிங்ல இருக்கேன்."

வேர்க்கும் தொட்டி என்றால் இரட்டைச் சுவருக்கு நடுவிலுள்ள வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். என் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் அது தெரியும். தொட்டியின் கழுத்தில் பனிக்கட்டி உறைந்து சென்சாரைப் பிடித்திருந்தது. உள்ளே மட்டம் இறங்க இறங்கத் திரை தொண்ணூற்றிலேயே நின்றது. அம்மா தொண்ணூறு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். புதன்கிழமை மூடியைத் திறந்தபோது தொட்டி காய்ந்து கிடந்தது.

அதில் இருந்தவை முப்பத்துநாலு ஜோடிகளின் கருக்கள், டீச்சரின் இரண்டும் சேர்த்து. மருத்துவமனை ஒருவருக்கும் சொல்லவில்லை. கருவைக் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும், "உருக்கினப்போ பிழைக்கல" என்றார்கள். மற்ற நாட்களில் அது உண்மையாகவே நடப்பதுதான், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அழுதுவிட்டு, தங்கள் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பல் கடிபடுகிறது. இயந்திரம் கெடும். இது கெட்ட இயந்திரமில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, யோசித்து, தேர்ந்தெடுத்த ஒரு வாக்கியம்.

அளவைச் சரிபார்க்கத் தவறினேன் என்று அம்மாவிடம் எழுதி வாங்கி வேலையை விட்டு அனுப்பினார்கள். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கத்தினேன்.

"அன்னைக்கு நான் அளக்கலதானே."

மேனேஜர்மேல் ஆறு பக்கப் புகார் எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

"என் பேரைக் காப்பாத்த ஆறு பக்கம் எழுதியிருக்க. அந்த முப்பத்துநாலு பேருக்கு யாருடி எழுதறது?"

புகாரை மடித்து அலமாரியில் வைத்தாள்.

போன மாதம் பழைய நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். டிராயிங் டீச்சர் வந்து இந்த வருடக் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போனாராம். காலித் தொட்டிக்குக் கையெழுத்து. வாங்கிக்கொண்டார்கள். அக்கா எங்கே என்று கேட்டதற்கு, ஓய்வு பெற்றுவிட்டார் என்றார்களாம். அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் அந்த நர்ஸுக்கே போன் செய்து டீச்சரின் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ரப்பர் மாற்றிய புதன்கிழமைதான் என்னிடம் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போகணும். நீ வண்டி ஓட்டு, போதும். அங்க வந்து வாயைத் திறக்காத."

"என்ன சொல்லப்போற?"

"தண்ணி வத்திடுச்சு, நான் பார்க்கலன்னு சொல்லுவேன்."

"நான்தான் பார்க்க வேண்டாம்னேன். அதையும் சொல்லு."

"உன்னை யாரு கேட்டா? ரப்பரைத் துடை."

அம்மாவின் காரியத்துக்கு வந்த உறவெல்லாம் போய்விட்டது. பெரியம்மா கடைசியாகக் கிளம்பினார். பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் போய்விட்டாளே என்று வாசலில் நின்று ஒரு பாட்டம் அழுதார். நான் அவர் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போனேன். அம்மாவாக இருந்தால் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்லியிருப்பாள்.

காந்தத்துக்கு அடியில் சீட்டு அப்படியே இருக்கிறது. கதவு கடித்த தடம் குறுக்கே மடிப்பாக நிற்கிறது. அம்மாவின் உருண்டைக் கையெழுத்தில் டீச்சரின் முகவரி, வீட்டு எண், தெரு. அதற்குக் கீழே, "நாலு மணிக்கு மேல போகணும், டியூஷன் பிள்ளைங்க போயிருக்கும்."

அம்மா போனபின் இது மூன்றாவது ஞாயிறு. மணி மூன்றரை.