ஒன்பதரை மார்க் வாங்கிய கழிப்பறை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். வேதாகமம் வாசித்த கையோடு கழிப்பறையைப் பற்றி எழுத உட்காருவது எனக்கே கூச்சம். கர்த்தர் எல்லா இடத்தையும் பார்க்கிறவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற படிப்பு. ஒருநாள் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. குடிதண்ணீர், கேன்டீன், பெண்கள் கழிப்பறை என்று ஒவ்வொன்றுக்கும் வேலை பார்ப்பவர்கள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். சராசரி ஐந்துக்குக் கீழே வந்தால் அதைச் சரிசெய்யப் பணம் தருவார்கள்.

குடோனில் சாக்கு தைக்கிற பெண்களுக்கு இது பெரிய காரியம். பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறை ஆபீஸுக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி, ஆபீஸில் இருந்த இரண்டு பெண்களிடம். சாக்கு தைக்கிறவர்கள் வெளியே உடைமர முட்புதருக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பயந்து அந்த வெயிலிலும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மயங்கி விழுகிறவளுக்கு மேனேஜர் தன் கைக்காசில் சோடா வாங்கித் தருவார். அவ்வளவு இரக்கம்.

மார்க் கேட்கப் போனேன். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ரோசம்மாக்கா.

"கண்ணால பாக்காத கக்கூசுக்கு எப்பிடி தம்பி மார்க் போட?"

"பூச்சியம்னு சொல்லுங்கக்கா."

"உள்ள எப்பிடி இருக்கோ, யாரு கண்டா? பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லுதியாக்கும்? மார்க் எடத்துல ஒரு கோடு போட்டுக்கிடு."

அத்தனை பெண்களும் கோடுதான். ஆபீஸ் பெண்களில் ஒருவர் பத்து போட்டார், இன்னொருவர் ஒன்பது.

"கோட்டை என்ன சார் செய்ய?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"கோடு என்ன நம்பரா வே? நம்பரை மட்டும் கூட்டி வகுத்துப் போடும்."

"எத்தனை பேர் மார்க் போட்டாங்கன்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டிருவமா சார்?"

"டேபிள் அழகு கெட்டுரும் வே."

அழகு கெடாமல் அடித்துக் கொடுத்தேன். குடிதண்ணீர் நாலு. கேன்டீன் மூன்று. பெண்கள் கழிப்பறை ஒன்பதரை.

சென்னையில் அசந்துபோனார்கள். மற்றத் துறைமுகங்களிலும் இதேபோல் கட்டலாமே என்று, அந்த அதிசயத்தைப் பார்த்துவர ஒரு பெண் அதிகாரியை அனுப்பினார்கள். மேனேஜர் கதவுக்குப் பெயின்ட் அடித்து வாசலில் கோலமும் போடச் சொன்னார். வந்த அம்மா, "மார்க் போட்ட தொழிலாளிங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

ரோசம்மாக்கா கூட்டத்தோடு வந்தார். கதவுக்குள் தலையை விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"அடி ஆத்தீ, நல்லாத்தான் இருக்கு. இதுக்கு நாங்க இன்னும் மார்க்கே போடல தாயி. இந்தா போட்டுருதேன். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மற்றப் பெண்கள் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். அதிகாரியம்மா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கே பூட்டு போயிற்று. அத்தனை பேருக்கு ஒரே கழிப்பறை, தண்ணீர் எப்படிக் காணும்? அடுத்த படிவத்தில் எல்லாரும் மார்க் போட்டார்கள். சராசரி மூன்று.

மேனேஜர் துக்க வீட்டில் இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். "பாத்தீரா வே? பூட்டி வச்சிருந்த வரைக்கும் ஒன்பதரை. தெறந்து விட்டோம், மூணு!"

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அந்த மூன்றை அடித்தேன். ஐந்துக்குக் கீழே அல்லவா? பணம் வந்தது, குடோன் பக்கத்திலேயே புதிதாகக் கட்டினார்கள்.

சராசரி போடுகிற பிள்ளைகளே, எத்தனை பேர் சொன்னது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். டேபிள் அழகு கெட்டால் கெடட்டும். இந்தச் சம்பவத்தை நாலு பேருக்கும் சொல்லுங்கள். ஆனால் மேனேஜர் மேல் பரிதாபப்பட்டு அந்த மூன்றை மூன்றரை ஆக்கிவிடாதீர்கள்.