அத்தையோடு சேர்த்து விலைபேசிய வீடு

எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீடு வாங்கியதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு நல்ல நேரம் என்பது ஒன்று. அமுக்கமாக இருந்தே காரியத்தைச் சாதித்துவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மையல்ல. நான் எதிர்வீட்டுக்காரன், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். கண்ணால் கண்டதையும், அவர் வாயால் சொன்னதையும் மட்டும் எழுதுகிறேன்.

மெக்கானிக் அதிகம் பேசாதவர். பழுதான ஃபிரிட்ஜைத் தனியாளாக மார்போடு அணைத்து மாடிப்படி இறக்குவார். “என்னைக் கட்டிப்பிடிச்சதைவிட ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடிச்சதுதான் ஜாஸ்தி” என்று அவர் மனைவி எல்லார் முன்னாலும் கேலி செய்வாள். இரண்டு பெண் குழந்தைகள். தெருக்கோடியில் ஒரு மாடி அறையில் நெடுங்காலமாக வாடகைக்கு இருந்தார்கள்.

அதற்குள் தெரு மாறத் தொடங்கியிருந்தது. டயர் கடை உடற்பயிற்சிக் கூடமானது. ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தவரின் கடையில் காபி விற்றார்கள். அந்தக் காபியின் விலையில் முன்பு இரண்டு ஸ்டாம்ப் செய்திருக்கலாம். விற்பனைக்கு என்று ஒரு வீட்டில் பலகை தொங்கினால், மறுநாள் வாசலில் நாலு கார் நிற்கும். மெக்கானிக் மூன்று வீடுகளுக்குப் பேசிப் பார்த்தார். மூன்றிலும், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வீடு திரும்புவதற்குள் வேறு யாரோ முன்பணம் கட்டிவிட்டார்கள். இந்த நிலையில் மாடி அறையை விடுதியாக்கப் போவதாகச் சொல்லி, பள்ளி விடுமுறைக்குள் காலி செய்யும்படி அவர் வீட்டுக்காரர் கேட்டார்.

அப்போதுதான் என் எதிர்வீடு விற்பனைக்கு வந்தது. முன்புறம் இரண்டு சின்ன அறைகள், நடுவில் முற்றம், அதைத் தாண்டி ஒரு பின்னறை. அந்தப் பின்னறையில் அத்தை இருந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவுக்கே அவர் அத்தைதான். அவருடைய அண்ணன் சாகும்போது வீட்டைத் தன் மகன் பேருக்கு எழுதிவைத்தார். ஆனால் தங்கை உயிரோடு இருக்கும்வரை பின்னறை அவருக்கே, வீட்டை யார் வாங்கினாலும் அது செல்லும் என்றும் எழுதிவிட்டார். ஆகவே வீட்டை வாங்குகிறவர் அத்தையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

அத்தை இன்னும் எத்தனை காலம் இருப்பார் என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆட்கள் வரும்போது படுத்துக்கொண்டு நாலு தடவை இருமும்படி அண்ணன் மகன் கேட்டுக்கொண்டான். அத்தையோ படிய வாரிக்கொண்டு, தண்ணீர் வாளியோடு முற்றத்தில் செடிகளுக்கு நடுவே வளையவருவார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டும் எண்ணத்தோடு வந்த ஒருவர், பெரியம்மாவுக்கு என்ன வயது என்று இனிமையாக விசாரித்தார்.

“உங்களை வழியனுப்பி வைக்கிற வயசுதான்” என்றார் அத்தை.

அந்த மனிதர் போனவர் போனவர்தான். இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, விலை மெக்கானிக்கின் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. மனைவியின் நகைகளை விற்று முன்பணம் கொடுத்தார். பத்திரம் பதியச் சில வாரங்கள் இருந்தன.

அந்த இடைவெளியில் அத்தையின் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. இன்றைக்கே சரிசெய்ய வேண்டும் என்று அவசரமாக ஆள் அனுப்பினார். ஒரு ஆளுக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டே மெக்கானிக் போனார். கதவைத் திறந்தால், முட்டை வைக்கும் தட்டில் ஊசி மருந்துக் குப்பிகள் வரிசையாக நின்றன. மெக்கானிக்கின் தாயார் தன் கடைசி வருடத்தில் போட்டுக்கொண்ட அதே மருந்து.

அவர் பார்வை போன இடத்தை அத்தை கவனித்துவிட்டார்.

“ஃபிரிட்ஜைப் பார்க்கத்தானே வந்தே? அதை மட்டும் பாரு.”

“அத்தை, உங்க அண்ணன் மகனுக்கு இது...”

“அவன் கேட்டா நானே சொல்றேன். நீ ஏன் தண்டோரா போடணும்?”

மெக்கானிக் பழுதைச் சரிசெய்துவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை. வாங்காமல் வந்ததே தப்பு செய்தவன் காரியம்போல இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். விஷயம் தெரிந்தால் அண்ணன் மகன் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கூடுதல் விலை பேசுவான் என்பது இருவருக்கும் புரிந்தது. “சொல்லிட்டு எங்கே போறது?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

பதிவன்று காலையில் அண்ணன் மகன் காரில் வந்தான். அவனும் மெக்கானிக்கும் சாட்சியாக நானும் முன்வாசலில் நின்றோம். பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி அவன் மெக்கானிக்கைக் கேட்டான்.

“நீங்கதான் அடிக்கடி போய் வர்றீங்களே, அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கு?”

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

“உள்ளேதான் இருக்காங்க. போய்க் கேளுங்களேன்” என்றார்.

அவன் முற்றத்தைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதிவு ஆபீசில் கூட்டம் சேர்ந்துவிடும், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று காரைக் கிளப்பினான். பத்திரம் பதிந்தது. அவன் அங்கிருந்து அப்படியே தன் ஊருக்குப் போய்விட்டான்.

அத்தை மழைக்காலம்வரைகூட இருக்கவில்லை. கடைசி நாட்களில் மெக்கானிக்கின் மனைவிதான் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டாள். பெண்கள் இருவரும் மாறி மாறிச் செய்தித்தாள் படித்துக் காட்டினார்கள். அண்ணன் மகனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று மெக்கானிக் இரண்டு முறை கேட்டார். அத்தை இரண்டு முறையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடக்கத்துக்கு வந்திருந்த டாக்டர், இரண்டு வருடமாக நோயை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று அத்தையைப் புகழ்ந்தார். அண்ணன் மகன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு முற்றத்தைக் கடந்து நேரே மெக்கானிக்கிடம் வந்தான். பத்துப் பதினைந்து பேர் சுற்றி இருந்தோம்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மறுக்க அங்கே யாரும் இல்லை.

“தெரியும். ஃபிரிட்ஜைத் திறந்தப்போ மருந்தைப் பார்த்தேன்” என்றார் மெக்கானிக்.

“அப்போ ஏன் சொல்லலை?”

“அத்தை சொல்ல வேண்டாம்னாங்க. அது மட்டும் இல்லை. எனக்கும் வீடு வேணும்.”

அவன் வக்கீலைப் பார்த்தான்; ஒன்றும் செய்ய முடியவில்லை. தெரு மட்டும் விடவில்லை. “எங்க மாமியார் ஃபிரிட்ஜையும் ஒரு தடவை திறந்து பாருங்க மெக்கானிக்” என்று காபிக்கடை வாசலில் ஒருவன் சிரித்தான். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை. கேட்டவன் நான் ஒருவன்தான். என்னிடமும் தன்னை நியாயப்படுத்திப் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

பின்னறை சில மாதம் பூட்டியே கிடந்தது. முன்னறைகளில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள். பரீட்சை நெருங்கியதும் அவர் மனைவி, பொத்திவைக்கவா வாங்கினோம் என்று கதவைத் திறந்து, பெருக்கித் துடைத்து, மூத்தவளின் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

மூத்தவள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். சாப்பாட்டு வேளையில் அவளைக் கூப்பிட மெக்கானிக் முற்றத்தின் பாதிவரை வருவார். அங்கேயே நின்று குரல் கொடுப்பார். அவள் காதில் விழாவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவார். உள்ளே போவதில்லை.